பொயிலர் குழாயைச் சுற்றி ஓர் இடைவெளி

எங்கள் கலகெதர வீட்டின் பின்புறக் கூரையில் ஓர் இடைவெளி இருந்தது. சுண்டுவிரல் நுழையும் அளவுதான். அதை அடைக்க நான் பட்ட பாட்டை எழுதும்படி லண்டனில் இருக்கும் தம்பி நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "அரசியல் எழுதி யாரும் திருந்தியதாகத் தெரியவில்லை அண்ணே. இதை எழுதினால் நாலு பேராவது தங்கள் வீட்டுக் குழாயை நிமிர்ந்து பார்ப்பார்கள்" என்பது அவன் வாதம். முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டான். சொன்னதில் தவறும் தெரியவில்லை.

கலகெதரவை அறியாதவர்களுக்கு: கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருணாகல் செல்லும் வீதியில், மலை இறங்கத் தொடங்கும் இடம். பழைய கண்டி இராச்சியத்துக்கு ஏறிச் செல்லும் கணவாய்களுள் ஒன்று. மிளகு, கராம்பு, றப்பர் எல்லாம் விளையும் நடுமலை நாடு; நுவரெலியாவின் குளிர் இங்கே கிடையாது. ஆனால் எண்பது வயதைத் தாண்டிய அம்மாவுக்கு மார்கழி, தை மாதங்களின் காலைத் தண்ணீர் ஆகாது. அப்பா வாங்கிய இந்த வீடு ஒரு காலத்தில் றப்பர் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவருக்காகக் கட்டப்பட்டது. ஆகவே தோட்டத்து பங்களாக்களில் இருப்பதுபோல, குளியலறைச் சுவரை ஒட்டிய பின் விறாந்தையில் ஒரு விறகுப் பொயிலர் உண்டு. செங்கல் அடுப்பு, அதன்மேல் படுக்க வைத்த இரும்பு பரல், பக்கத்தில் ஆறு அங்குல விட்டமுள்ள புகைக்குழாய். அந்தக் குழாய் நிமிர்ந்து போய் அஸ்பெஸ்டஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு வானம் பார்க்கும்.

மின்சார ஹீற்றர் வந்தபிறகு பொயிலரில் கோழிகள் முட்டையிட்டன. 2022இல் நிலைமை மாறியது. மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாய். அந்த விலைக்கும் வரிசையில் நிற்க வேண்டும். ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 சதவீதம். அந்த மாதப் பற்றுச்சீட்டைப் பார்த்துவிட்டு அம்மாவே சொன்னார்: "அந்தப் பொயிலரத் தொடச்சு வச்சா என்னப்பா? வெறகு சும்மாதானே கெடக்கு." தோட்டத்தில் வெட்டி விழுத்திய றப்பர் மரங்கள் கிடந்தன. கோழிகளை அப்புறப்படுத்தினோம்.

பொயிலர் நன்றாகவே வேலை செய்தது. சிக்கல் மழையோடு வந்தது.

ஐப்பசியில் இங்கே மழை பெய்யும் முறை ஒழுங்கானது. காலையில் வெயில், பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு இடி, பிறகு ஒரு மணி நேரம் வானம் பிளந்ததுபோல் கொட்டும். குழாய்க்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியால் நீர் இறங்கி, குழாயின் கரியையும் கரைத்துக்கொண்டு, குளியலறைச் சுவரில் மையாக வடிந்தது. வெள்ளையடித்து ஒரு வருடம்கூட ஆகாத சுவர்.

மேசன் பாஸ் வந்தார். நிமிர்ந்து பார்த்தார். "சின்ன வேலை மஹத்தயா" என்றார். வீட்டு வேலையில் இதைவிட அபாயமான வாக்கியம் ஒன்று இல்லை என்பதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். சீமெந்துச் சாந்து குழைத்து இடைவெளியைச் சுற்றி அணைகட்டி, மேலே பளபளவென்று மெழுகிவிட்டு இறங்கினார். மூன்றே வாரம். மயிரிழைபோல ஒரு வெடிப்பு வட்டமாக ஓடி, அதே மை அதே சுவரில் வடிந்தது.

நான் பேராதனையில் கலைப்பிரிவில் படித்தவன். பௌதிகத்துக்கும் எனக்கும் உள்ள உறவு சாதாரண தரத்தோடு முறிந்தது. ஆனால் இந்தக் கணக்கு எனக்கே விளங்குகிறது. இரும்பு ஒரு பாகை சூடேறினால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் பன்னிரண்டு பங்கு வளரும். மூன்று மீற்றர் குழாய் 200 பாகை சூடேறினால் ஏழு மில்லிமீற்றர் வளர்கிறது, தணிந்ததும் சுருங்குகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், ஏழு மில்லிமீற்றர் மேலும் கீழும். சீமெந்துக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும், இழுபடத் தெரியாது. அசையும் பொருளை அசையாத பொருளால் பிடித்துக் கட்டினால், இரண்டில் எது பலவீனமோ அது உடையும்.

இரண்டாம் முறை நானே கூரையேறினேன். கண்டியில் ஓர் இரும்புக்கடையில் சிலிக்கன் குழாய் ஒன்று வாங்கிவந்து, வெடிப்பு முழுவதும் பிதுக்கிவிட்டேன். "எதற்கும் தாங்கும்" என்று கடைக்காரப் பையன் உத்தரவாதம் தந்திருந்தான். சாதாரண சிலிக்கன் 150 பாகைக்கு மேல் நெடுநேரம் தாங்காது. இதுவும் பிறகு கற்றதே. நான்காம் நாள் ஏதோ இறப்பர் செருப்பு எரிவதுபோல நாற்றம்.

இங்கேதான் நான் மேலும் புத்திசாலியானேன். நீர் இறங்குவது மேலிருந்து மட்டுமல்ல, பக்கத்திலிருந்தும் சாரல் அடிக்கிறது என்று கண்டுபிடித்தேன். குரங்குத் தொல்லை வேறு. ஆகவே பாஸைத் திரும்ப அழைத்து மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்வித்தேன். குழாயின் இடைவெளியை மறுபடி சீமெந்தால் இம்முறை தடிப்பாக அடைத்தோம். குழாயின் வாயில் மழை விழாதபடி ஒரு தகரத் தொப்பியை நன்றாகத் தாழ்த்தி மாட்டினோம். திறந்து கிடந்த பின் விறாந்தையைப் பலகையால் கூரைவரை மூடினோம். மழை நின்றது. சுவர் காய்ந்தது. நான் மிகுந்த திருப்தியோடு இருந்தேன்.

பாஸைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டதைச் செய்தார். கேட்டவன் நான்.

கார்த்திகை பிறந்து இரண்டாம் வாரம் அம்மா குளித்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தார். "என்னமோ தலையைச் சுத்துதுப்பா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு." வயதானவர், இரத்த அழுத்தம் உண்டு. வைத்தியரிடம் காட்டினோம், மாத்திரையை மாற்றித் தந்தார். இரண்டு நாள் கழித்து அதே தலைவலி. கோவிட் காலத்தில் எல்லோரையும்போல நாங்களும் வாங்கி வைத்திருந்த, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியை எடுத்து மாட்டினேன். 97 காட்டியது. நூற்றுக்கு 97! நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் முதுகு சில்லிடுகிறது.

தலைவலி குளிக்கும் நாட்களில் மட்டுமே வருகிறது என்பது என் கண்ணில் படவில்லை. ஊரெல்லாம் நடந்த சம்பவங்களில் தொடர்பு தேடிச் சம்பளம் வாங்கியவன் நான். அது பட்டது தம்பிக்கு. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மாவோடு பேசியவன், பிறகு என்னைக் கேட்டான்.

"அண்ணே, அந்தப் பொயிலர் விறாந்தை இன்னும் திறந்துதானே இருக்கு?"

"மூடிட்டேன். குரங்கு வருது."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. "பலகையைக் கழட்டுங்க. இப்பவே."

காபனோரொட்சைட்டு. தமிழகத்து நண்பர்கள் கார்பன் மோனாக்சைடு என்பார்கள். நிறமில்லை, மணமில்லை. விறகு சுடர்விட்டு எரியும்போது அது குறைவு. காற்றுப் போதாமல் புகையும்போதும், சுடர் அடங்கித் தணலாகக் கனலும்போதும் அது மிகுதி. பொயிலர் வைத்துக் குளிப்பவர்கள் எப்போது குளிக்கிறார்கள்? தண்ணீர் கொதித்து, விறகு தணலான பிறகு. அப்போது புகை கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இல்லை என்று நினைக்கிறோம். குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இந்த வாயுவைக் கண்டால், ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட ஆசையோடு பற்றிக்கொள்கிறது. விரல் மானி ஒளியைக்கொண்டு நிறத்தைப் பார்த்துக் கணக்கிடும் கருவி. இந்த வாயு பற்றிய குருதியும் அதற்கு நல்ல சிவப்பாகவே தெரியும். 97 என்று அது சொன்னது அந்த மயக்கத்தில்தான்.

எங்கள் வீட்டில் நடந்தது என்னவென்று பிறகு ஆறுதலாக உட்கார்ந்து யோசித்தேன். பரலும் குழாயும் சேரும் பொருத்து பல வருடமாகத் துருப்பிடித்து மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. திறந்த விறாந்தையில் அந்தக் கசிவு காற்றோடு போனது. எஞ்சியது சூட்டோடு மேலேறி, குழாயைச் சுற்றியிருந்த அதே இடைவெளியால் வெளியேறியது. நான் சாபமிட்ட ஓட்டை, யாரும் நியமிக்காமலே ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அடைத்தேன். விறாந்தையை அடைத்தேன். தொப்பியைத் தாழ்த்திக் குழாயின் இழுவையையும் பாதியாகக் குறைத்தேன். மிச்சமிருந்த ஒரே வழி, குளியலறைச் சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துவாரங்கள். அந்த வழியாக அது அம்மாவிடம் போயிற்று.

இது வீட்டுக்கு வீடு நடக்கக்கூடியது. 2024இல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இரண்டு இளைஞர்கள், இறைச்சி சுட்ட கரியடுப்பை விடுதி அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கினார்கள், விடியலில் எழவில்லை. அந்தச் செய்தியை வாசித்த அன்று நான் மேற்கொண்டு பத்திரிகையைப் புரட்டவில்லை.

தம்பிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவனும் ஒருமுறை புத்திசாலியாக இருந்தவன். அவனுடைய லண்டன் வீட்டில் எரிவாயுப் பொயிலர். 2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்தில் புதிதாகப் பொருத்தும் பொயிலர்கள், சில விலக்குகள் தவிர, ஆவியின் வெப்பத்தையும் மீட்டெடுக்கும் வகையைச் சேர்ந்தவை. குழாய்க்குள் குழாயாக இருக்கும்: உள்குழாயால் கழிவு வாயு வெளியே போகும், வெளிக்குழாயால் எரிவதற்கான காற்று உள்ளே வரும். அது சுவரைத் துளைக்கும் இடத்தில் இடைவெளி. குளிர் காற்று வருகிறதென்று கடையில் நுரை வாங்கி அடித்தான். வருடாந்தப் பரிசோதனைக்கு வந்தவர் அதைக் கண்டதும் முகம் மாறினாராம். அங்கே எரிவாயு வேலையைத் தொடுவதென்றால் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2009 ஏப்ரல் முதல் அந்தப் பதிவேடு 'காஸ் சேஃப்' என்ற பெயரில் இருக்கிறது. அவர் நுரையைச் சுரண்டி எடுத்து, உள்ளே பொருத்துக் கழன்றிருக்கிறதா என்று பார்த்து, சாந்து பூசி, வெளியே இறப்பர் வளையம் மாட்டினார். நுரை எரியும், சுருங்கும், அதைவிட மோசம், பொருத்து விலகியிருந்தால் அதை மறைத்துவிடும். வெளியே போன வாயு சுவரின் நடுவெளிக்குள் புகுந்து வீட்டுக்குள் திரும்பாமலிருக்கவே அந்த இடைவெளி ஒழுங்காக மூடப்படுகிறது. குளிர் காற்று இரண்டாம் விடயம்.

அவன் ஊர்வந்த உறவினர் ஒருவர் கையில் ஓர் எச்சரிக்கைக் கருவி கொடுத்தனுப்பினான். அங்கே வாடகை வீடுகளில் விறகோ வாயுவோ எரியும் சாதனம் பொருத்தியிருந்தால், அந்த அறையில் இது இருக்க வேண்டுமென்று 2022 அக்டோபர் முதல் சட்டம். வாயுச் சமையலடுப்புக்கு மட்டும் விலக்கு. பத்து இலட்சத்தில் 50 பங்கு என்ற அளவு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அலறும். 300 பங்கு என்றால் மூன்று நிமிடத்துக்குள் அலறும். பலகையை மீண்டும் ஒரு தடவை மட்டும் மாட்டி, அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பொயிலரை மூட்டி, கருவியைக் குளியலறையில் தொங்கவிட்டேன். செய்தி என்றால் ஆதாரம் வேண்டுமே என்ற தொழில் நோய். முக்கால் மணி நேரத்தில் திரையில் 74. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

அதன்பிறகே சரியான ஆளைத் தேடினேன். கலகெதரச் சந்தியை அடுத்து தகர வேலை செய்யும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பேக்கரிகளுக்குப் புகைக்குழாய் செய்து பழகிய கை. பார்த்தவுடன் சிரித்தார்.

"இத ஒட்டப் பாத்தீங்களா? இது ஒட்டுற வேலையில்ல தம்பி. இதுக்குச் சட்டை போடணும், மேல குடை புடிக்கணும்."

"எப்படி நானா?"

குழாய்க்கும் கூரைக்கும் நேரடித் தொடுகையே கூடாது என்றார். கூரையில் அகலமான இன்னொரு தகரக் குழாய்த்துண்டு நிற்கும், அதுதான் சட்டை. அதன் அடிப்பாவாடை மேல்பக்கத் தகட்டின் கீழே நுழைந்து, கீழ்ப்பக்கத் தகட்டின் மேலே படியும். ஓடும் நீர் தானாக வழிந்துபோகும். புகைக்குழாய் அந்தச் சட்டைக்குள் தாராளமாக நிற்கும், ஏறும், இறங்கும். இரண்டுக்கும் நடுவே வெப்பம் தாங்கும் நார்க்கயிறு தளர்வாகச் சுற்றப்படும். இடைவெளிக்குமேல், புகைக்குழாயில் இறுகப் பூட்டிய ஒரு கூம்புக் குடை. மழை குடையில் விழுந்து சட்டைக்கு வெளியே சொட்டும். குழாய் வளர்ந்தால் குடையும் சேர்ந்து உயரும், ஒன்றும் கிழியாது. ஒரு சொட்டுச் சீமெந்து இல்லை.

தொப்பியை அவர் கழற்றி எறிந்தார். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. குழாயின் வாய்க்கும் தொப்பிக்கும் இடையே விட்டத்தில் கால்பங்கு இருந்தால்தான் வாயளவு வழி கிடைக்கும். ஆறு அங்குலக் குழாய்க்கு ஒன்றரை அங்குலம். கரி படியும் என்பதால் நடைமுறையில் மூன்று அங்குலம் விடுவார்கள். நாங்கள் விட்டது ஒன்று. குழாயையும் உயர்த்தினார். கூரையைத் துளைத்த இடத்திலிருந்து மூன்று அடி, பத்து அடிச் சுற்றுக்குள் இருக்கும் எதையும்விட இரண்டு அடி என்பது அமெரிக்கர்களின் விதி. நானா அதை வாசித்ததில்லை, கண்ணளவில் அதே உயரத்துக்கு வந்து நின்றார். துருப்பிடித்த பொருத்தை வெட்டி எறிந்து புதியது வைத்தார். பலகை போய், குரங்கு நுழையாத கம்பிவலை வந்தது.

ஒரு குழாயை மட்டும் அடைக்கவே கூடாதென்று விரல் நீட்டி எச்சரித்தார்: பரலின் மேலிருந்து எழும் ஒல்லியான நீராவிக் குழாய். அதன்வழியாகவும் மழை சொட்டுகிறதென்று நான் மரக்கட்டை ஒன்று செருகத் திட்டமிட்டிருந்தேன். செருகியிருந்தால் பொயிலர் குண்டாகியிருக்கும்.

கூரைத் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அஸ்பெஸ்டஸைக் காய்ந்த நிலையில் அறுத்தால் பறக்கும் நார் சுவாசப்பைக்குள் போய்த் தங்கிவிடும். பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக எழும். அதனால் அறுக்காமல், நீர் தெளித்து, முழுத் தகட்டையும் இறக்கிவிட்டு அந்த இடத்துக்கு உலோகத் தகடு போட்டோம். பிரித்தானியா இதை 1999இல் தடைசெய்தது. இலங்கையும் 2018 தொடக்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்திப் படிப்படியாக ஒழிக்கப்போவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சொல்லப்பட்ட காரணம், தேயிலைப் பொதியொன்றில் காணப்பட்ட ஒரு வண்டு. உலகின் பெரிய அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதியாளர்களுள் ரஷ்யாவும் ஒன்று. சில நாட்களில் கொழும்பு தன் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. மொஸ்கோவும் தேயிலையை அனுமதித்தது. அந்த வண்டு பிறகு எங்கே போனதென்று எந்த நிருபரும் எழுதவில்லை, நான் உட்பட.

புகைபோக்கி என்பது பொருத்திவிட்டு மறந்துவிடும் பொருள் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் புகையில்லா அடுப்பை வடிவமைத்த எஸ். பி. ராஜு, அதைப் பற்றிய சிறுநூலை 1953இல் சென்னையில் வெளியிட்டார். அதற்குப் பிறகு இந்திய அரசு இலட்சக்கணக்கில் அடுப்பு கட்டிக்கொடுத்தது. ஒடிசாக் கிராமங்களில் புகைபோக்கி அடுப்புகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் (பின்னர் நொபெல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ அவர்களுள் ஒருவர்) கண்டது இது: முதல் வருடம் சுவாசிக்கும் புகை குறைந்தது, பிறகு அந்தப் பயன் மறைந்துவிட்டது. மக்கள் குழாயைத் துப்புரவாக்கவில்லை, வெடிப்பைப் பூசவில்லை, மெல்ல அடுப்பையே கைவிட்டார்கள். அடுப்பு கெட்டதல்ல. குழாய்க்கு ஆள் இல்லை.

எங்கள் குழாய்க்கு இப்போது ஆள் உண்டு. தைப்பொங்கலுக்கு முன் ஒரு தடவை, சித்திரைக்கு முன் ஒரு தடவை, குடையைத் தளர்த்தி, நார்க்கயிற்றைப் பார்த்து, குழாயைத் தட்டிக் கரியை இறக்குவது என் வேலை. கடைசித் தடவை அரை வாளி கரி வந்தது. அதைக் கொட்டப் போனேன். அம்மா விடவில்லை. மிளகுக் கொடிக்கு நல்லதென்று வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, கருவியின் பச்சை விளக்கு மின்னுகிறதா என்று தலையை நீட்டி ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.